சட்டையில் மறந்த மைக்

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. நானும் சித்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். பெற்றது அண்ணன் என்றாலும் உன்னை வளர்த்தவன் நான், ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இந்தத் தெருவில் என்னைப்போல் கடிதம் எழுத ஆள் கிடையாது, ஆனாலும் இதை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி ஏன் பேச வரவில்லை என்று நீ போனில் கேட்டபோது, காது மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன் அல்லவா, அது பொய். பேட்டரி ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு சித்திக்கு வலது காதில் காக்ளியர் என்கிற உள்கருவி, இடது காதில் பழைய மிஷின், இரண்டையும் சேர்த்தே போட வேண்டும் என்று காது பார்க்கிற அம்மா சொன்னது உனக்குத் தெரியும். வலதில் பேச்சு தெளிவாக ஆனால் தகரத்தைத் தட்டினாற்போல் வருகிறதாம், இடதில் கனமாக ஆனால் கலங்கலாக வருகிறதாம், விடாமல் போட்டால்தான் மூளை இரண்டையும் ஒன்றாக்கிப் பழகுமாம். பிரிட்ஜுக்குக் கம்ப்ரசரும் வேண்டும் விசிறியும் வேண்டும், அதுபோலத்தானே என்று நான் கேட்டதை அந்த அம்மா நோட்டிலேயே எழுதிக்கொண்டார். இல்லை, எழுதவில்லை, சிரித்தார். அதோடு நீ அனுப்பிய அந்தப் பொத்தான் அளவு மைக்கும் சேர்ந்தது, பேசுகிறவர் சட்டையில் மாட்டினால் குரல் நேராக அவள் இரண்டு காதுக்கும் போய்விடும்.

போன செவ்வாய் காலை சாப்பிட்டபடி அவளோடு பேசிவிட்டு மைக்கைக் கழற்றாமல் முன்னறையில் இருக்கிற பிரிட்ஜ் ரிப்பேர் பட்டறைக்குப் போய்விட்டேன். நடுவே ஒரு சுவர்தான், மைக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் வந்து, இனிமேல் உன் வீட்டம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிடுமே, உன் பாடு திண்டாட்டம்தான் என்று சீண்டினார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "ரெண்டு மிஷின் மாட்டினாலும் மரம் மரம்தான்யா. கேட்காத வரைக்கும் எனக்கு நிம்மதி, என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவா" என்றேன். அதோடு விட்டேனா, அவள் தினமும் கண்ணாடி முன் நின்று வார்த்தைகளைப் பழகுகிறாளே, சாவியை ஆவி என்கிறாளே, அந்தக் குரலிலேயே பேசிக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நிமிர்ந்தால் சித்தி ஈரக் கையோடு வாசற்படியில் நிற்கிறாள், கண் என் சட்டையில். குனிந்து பார்த்தேன், மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மகளே, அவள் உள்ளே போய் இரண்டு மிஷினையும் டப்பாவில் வைத்து மூடிவிட்டாள். ஆறு நாள் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குக் கூசியது. வெள்ளிக்கிழமை மிஷினில் சத்தத்தின் அளவைச் சரிசெய்ய வரச் சொல்லியிருந்தார்கள், போகவில்லை, காய்ச்சலில் மிஷினைக் கழற்றி வைத்திருக்கிறாள் என்று அங்கேயும் போனில் ஒரு பொய் சொன்னேன். இப்படிக் கழற்றிக் கழற்றி வைத்தால் பழகியதெல்லாம் போய்விடும் என்று அந்த அம்மா கண்டித்தார்.

நேற்றுக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தப்பு முழுக்க என்னுடையது, உன் காதை என் வாய்க்காக மூடாதே என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். இரண்டு மிஷினையும் மாட்டினாள். பிறகு மைக்கை எடுத்து வந்து அவளே என் சட்டையில் குத்திவிட்டு, "இனிமே என்னப் பத்திப் பேசணும்னா இதைப் போட்டுக்கிட்டே பேசுங்க" என்றாள்.

இன்று காலை மைக் என் சட்டையில் இருக்கும்போதே பெயின்ட் கடைக்காரர் வந்து, மரம் எப்படி இருக்கு என்று ஆரம்பித்தார். "நான் பேசினது தப்பு. அவ எல்லாத்தையும் கேட்டுட்டா, நீ சிரிச்சதையும்தான்" என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய்த் திரும்பிவிட்டார். என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, எழுத மாட்டேன், அவள் அப்படிச் சொல்லவில்லை.

நீங்கள் மூன்று பேரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். வருகிற ஞாயிறு கூப்பிட்டால் என்னைக் கேட்காதே, நேராகச் சித்தியோடு பேசு, நிறுத்தி நிதானமாகப் பேசு. எனக்காக ஒன்றும் சொல்லிவைக்க வேண்டாம்.

தலைகுனிந்து நிற்கும்
உன் சித்தப்பா