டவுன்லோடு முடியும் வரை

சேரம்பாடி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரிஜோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் சுகமில்லை, உனக்கு இரண்டுமே நன்றாக இருக்கட்டும் என்று தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். தோஹாவில் வெயில் எப்படி, இருமல் என்றாயே, நின்றதா. போனில் பேசாமல் இதென்ன தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள் என்று நினைக்காதே. போனில் நான் ஆரம்பித்தாலே பயப்படாதீங்கம்மா என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறாய். தாளில் என்னை யாரும் அடக்க முடியாது.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. அப்பாவுக்கு இந்த மாதம் ஃபேக்டரியில் மதியம் ஷிப்ட், வர ராத்திரி ஆகிவிடுகிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி அலீனா படிக்கிற அந்த ஆன்லைன் கோடிங் படிப்புக்குக் கடைசிப் பாடம் வந்துவிட்டது. இத்தனை நாள் அவர்கள் வெப்சைட்டிலேயே எழுதிப் பார்த்தாள், இப்போது எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஏற்றி, அதிலேயே ஓட்டிக் காட்ட வேண்டுமாம். ஓடினால்தான் சர்டிபிகேட், அது இருந்தால்தான் கோயமுத்தூரில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் தொட்டில் ஆட்டிக்கொண்டே அவள் காலம் போய்விடக் கூடாது என்று எனக்கும் இருக்கிறது, அதனால்தான் தடுக்கவும் முடியாமல் தவிக்கிறேன்.

நம் எஸ்டேட் லைன் வீட்டில் பேச மட்டும்தான் சிக்னல் வரும், நெட் வராது, உனக்குத் தெரியாததா. மேல் ரோட்டு வளைவில் இருக்கிற பஸ் நிழற்குடையில்தான் நெட். வேலை விட்டு வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுகிறாள். போனிலிருந்து நெட் எடுத்துப் பாதி ஏற்றும்போது யாராவது கூப்பிட்டால் போச்சு, நெட் அறுந்து லேப்டாப் முழுக்கச் சிவப்புச் சிவப்பாக எழுத்து வருகிறது. போன சனிக்கிழமை கூடலூரில் உன் சித்தி மகன் ஷிஜோ ஊட்டுக்குப் போய் அவர்கள் வைஃபையில் ஏற்றினாள். அங்கே ஓடியதாம், இங்கே வந்து திறந்தால் இன்னொன்றைக் கொண்டுவா என்று கேட்கிறதாம். மாமியார் மாதிரி ஒன்று முடிந்தால் ஒன்று கேட்கிறது அந்தப் பாழாய்ப்போன பெட்டி. அப்போதுதான் நீ அவளுக்கு யோசனை சொன்னாய், பாதியில் நின்ற ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்று, ஏறி முடியும்வரை யார் போனும் வராதபடி அடைத்துவை என்று. நல்ல யோசனைதான், தோஹாவுக்கு. இங்கே யானை இறங்கினால் வாட்சர் முனியசாமி அண்ணன் வீடு வீடாகப் போன் போட்டுத்தானே சொல்கிறார், மறந்துவிட்டாயா?

நேற்றுச் சாயங்காலம் அவர் என் பட்டன் போனுக்கு அடித்தார். அம்மிணி, பாப்பா எங்க இருக்குது, கொம்பன் யானை தண்ணி டேங்க் பக்கமிருந்து மேல் ரோட்டுக்கு ஏறிருச்சு, அவ நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பார்க்கறேன், போகவே மாட்டேங்குது என்றார். என் உயிர் என்னிடம் இல்லை கண்ணு. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஒரே மூடுபனி. கல்வெர்ட்டுப் பாலத்துக்கிட்ட அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார். நிழற்குடைக்குப் பின்னால், தேயிலை ஓரத்தில் அது நிற்கிறது. முன்னால் இவள் லேப்டாப் வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். கத்தாத அம்மிணி, கத்துனா புள்ள எந்திரிச்சு ஓடும், ஓடுனா அது தொரத்தும் என்று காதுக்குள் சொன்னார். பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முந்தானையை வாயில் திணித்து நின்றேன். ஜெபம்கூட வரவில்லை, ஏசப்பா ஏசப்பா என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அது தும்பிக்கையை நிழற்குடைச் சுவர்மேல் வைத்துத் தடவியது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பித் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அப்புறம்தான் இவள் எங்களைப் பார்க்கிறாள். அம்மா, ஏறிருச்சு, ஒரு சிவப்புக்கூட வரலை என்று சிரிக்கிறாள்! ஓங்கி ஒன்று வைத்தேன், வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறார் அப்பா. அவள் நெட் இல்லாத ஊட்டுக்கு வந்து திறந்தால் மறுபடியும் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். இனி போகாதே என்றேன், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். சுவர் இருந்தால்தானேடி சித்திரம் என்றால், இந்த லைன் வீட்டில் சுவர் மட்டும் இருந்து என்னம்மா என்று கேட்கிறாள்.

அதனால் நீ ஒன்று செய். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, ஆராதனை முடிந்ததும் உட்கார்ந்து, அந்த லேப்டாப்புக்கு என்னென்ன வேண்டும் என்று மொத்தத்தையும் கண்டுபிடித்து வை. சனிக்கிழமை அவளை ஷிஜோ ஊட்டிலேயே தங்க வைக்கிறேன். வைஃபையை நிறுத்திவிட்டும் ஓடுகிறதா என்று கடைசிவரை பார்த்து, அங்கிருந்தே அனுப்பிவிட்டு வரட்டும். அதுவரை சும்மா இருக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள், ஆகவே இன்றைக்கு நானும் கூட வந்துவிட்டேன். இதை எழுதுவதே நிழற்குடையில் உட்கார்ந்துதான். அவள் போனை அடைத்துவைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்க்கிறாள், நான் என் போனை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறேன். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது.

ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருந்தை விட்டுவிடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு, சாயங்காலத்தில் என் நம்பருக்குக் கூப்பிடாதே. உன்னோடு நான் பேசிக்கொண்டிருந்தால் முனியசாமி அண்ணனுக்கு லைன் கிடைக்காது. உன் குரலுக்காகவே நாள் முழுக்கக் காத்துக் கிடக்கிறவள்தான் நான். ஆனால் அந்த நேரத்தில் என் போன் யானைக்கு மட்டும்தான் அடிக்க வேண்டும்.

முத்தங்களுடன்
உன் அம்மா,
தபித்தாள்