சுவரில் நான்காவது பெயர்

டுரியான் துங்கால்
3.1.2025

அன்புத் தம்பி விமலனுக்கு,

ரஷீதா அக்கா எழுதுகிறேன். நானும் நிஜாம் அண்ணனும் சாப்பாட்டுக் கடையும் சுகம். உன் பசியும் தலைமுடியும் சுகமா? இரண்டையும் டிவியில் பார்த்து வெகுநாள் ஆகிறது.

லீக்கில் ஆடும் நம் பிள்ளைகளின் பெயர் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுவேனே, அந்தத் தாளின் இந்த வார நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று அண்ணன் கேட்கிறார். கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். தபாலில் வந்தால்தான் அக்காவுக்கு மரியாதை.

நம் பல்கலைக்கழக ஃபுட்பால் டீம் புதன்கிழமை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. லீக்கில் ஆடும் நம் பழைய மாணவர்கள் ஐந்து பேரில் மூன்று பேர் இந்த வாரம் இறங்கினார்கள். பரமேஸ்வரன் தொண்ணூறு நிமிடமும் ஆடினான். நம் கடை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, சுவரில் பெயர் உள்ளவன் முழு ஆட்டம் ஆடினால் பல்கலைக்கழகப் பசங்களுக்கு என் செலவில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக். பசங்கள் குடித்த வேகத்தைப் பார்த்து அண்ணன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது வரி உன்னுடையது. எதிரே ‘பெஞ்ச்’ என்று எழுதியிருக்கிறேன். பேப்பரில் பெயர் வராதவனுக்கு அவன் சொல்வதைத்தான் எழுதுகிறேன். நீ ஏழு வாரமாக பெஞ்ச் என்கிறாய். உன் கோச்சுக்குக் கண் இருக்கிறதா இல்லையா? டிவியில் பெஞ்சைக் காட்டும்போதெல்லாம் கரண்டியோடு ஓடிப்போய்க் கிட்டே நின்று பார்க்கிறேன். உன் மூக்கைக்கூடக் காணோம்.

உன் அம்மா சனிக்கிழமை தவறுவதில்லை. ஜாசின் பசாரில் காய் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு திலகாவின் காரில் வந்து, உன் பெயரை விரலால் ஒரு தடவை தொடுவார். பால் இல்லாமல் ஒரு தே ஓ குடிப்பார். போய்விடுவார்.

பதினெட்டாம் தேதி உங்கள் டீம் நம் குருபோங் ஸ்டேடியத்துக்கு வருகிறதாமே! அம்மாவையும் பசங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். உனக்கு ஆட்டு பிரியாணி கட்டி வருவேன். அன்றைக்கும் பெஞ்ச் என்றால் கோச்சிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

கோபமும் பிரியமுமாக,
ரஷீதா அக்கா

பட்டர்வொர்த்
9.1.2025

அன்பு ரஷீதா அக்கா,

உங்கள் கடிதமும் தாளும் கிடைத்தன. படித்துச் சிரித்தேன்.

பதினெட்டாம் தேதி வர வேண்டாம் அக்கா. மழைக்காலம். அவ்வளவு தூரம் வரும் டீமில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். என்னைச் சேர்ப்பார்களா என்று தெரியவில்லை. செப்டம்பரில் முழங்காலில் சின்ன வலி என்று சொன்னேனே, அது அவ்வப்போது வருகிறது, அவ்வளவுதான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

இந்த வாரமும் பெஞ்ச் என்றே எழுதுங்கள். பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
விமலன்

டுரியான் துங்கால்
20.1.2025

விமலா,

நீ வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

பதினான்கு பசங்கள், ஒரு பேனர், ஒரு பிரியாணி அண்டா. உன் அம்மா உன் பழைய பல்கலைக்கழக ஜெர்சியை இஸ்திரி போட்டு மடியில் வைத்திருந்தார். பேர் வாசித்தார்கள். உன் பேர் இல்லை. பெஞ்சிலும் நீ இல்லை. இடைவேளையில் வெளியே போய் உங்கள் டீம் பஸ் டிரைவரைக் கேட்டேன். “விமலனா? அவன் நவம்பர்லயே போயிட்டான்லா அக்கா” என்றார்.

பிரியாணிப் பொட்டலம் கையில் இருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. திரும்பி வந்து உன் அம்மாவிடம், அவனுக்குக் காய்ச்சலாம் என்று சொன்னேன். அவர் ஜெர்சியை மடித்தபடியே ஆட்டம் முடியும்வரை பார்த்தார்.

எட்டு வாரம் என் கையாலேயே சுவரில் பொய் எழுத வைத்துவிட்டாய். அது போகட்டும். நீ எங்கே இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? அதைச் சொல் முதலில்.

ரஷீதா

பட்டர்வொர்த்
25.1.2025

அக்கா,

சாப்பிடுகிறேன். பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறேன். உட்கார்ந்து முகவரி பார்த்துப் பிரிக்கும் வேலை, காலுக்குத் தொந்தரவு இல்லை. உங்கள் கடிதங்கள் இன்னும் டீம் ஹாஸ்டலுக்குத்தான் வருகின்றன. பழைய ரூம் நண்பன் கொண்டுவந்து கொடுக்கிறான்.

அது சின்ன வலி இல்லை அக்கா. பயிற்சியில் முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது. நடக்கலாம், ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் மேல் எனக்குக் குறை இல்லை. ஓடாதவனை வைத்து என்ன செய்வார்கள்?

உங்களிடம் ஒரே ஒரு வாரம்தான் பொய் சொல்ல நினைத்தேன். தாள் வந்தது. நான்காவது வரியில் என் பெயர். எங்கள் தோட்டக் குடியிருப்பிலிருந்து பல்கலைக்கழகம் போய், அங்கிருந்து லீக்குக்குப் போனவன் நான் ஒருவன்தான். ஹாஸ்டலில் இல்லை, மைதானத்தில் இல்லை, உங்கள் சுவரில் மட்டும் நான் இன்னும் ஆட்டக்காரனாக இருந்தேன். அடுத்த வாரமும் பொய் சொன்னேன்.

பதினெட்டாம் தேதி ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். ஒரு நிமிடம் கூட்டத்தைக் காட்டினார்கள். அம்மா மடியில் என் ஜெர்சி. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, அணைத்துவிட்டேன்.

என் பெயரை அடித்துவிடுங்கள். அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன்? எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன்?

மன்னிப்பு கேட்கும்,
விமலன்

டுரியான் துங்கால்
2.2.2025

என் தம்பி விமலனுக்கு,

நேற்று சனிக்கிழமை. நீ சொன்னபடியே பேனாவை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். உன் அம்மா காய்ப் பையோடு பின்னால் வந்து நின்றார். பேனாவை மூடிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று “இருசம்மா அக்கா, விமலன் வந்து...” என்று இழுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“தெரியும் ரஷீதா. தீபாவளிக்கு வந்தப்பவே பார்த்துட்டேன். படி இறங்குறப்ப ஒரு கால வச்சு இன்னொரு கால இழுத்தான். பெத்தவளுக்குத் தெரியாதா? அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். நீதான் பாவம், ஒவ்வொரு வாரமும் ஆசை ஆசையா அவன் பேர எழுதிக்கிட்டு இருந்தே. நான் வராமப் போனா ஏன்னு கேப்பே. உன் மனசு உடைஞ்சிரும்னுதான் வந்து தொட்டுட்டுப் போறேன்.”

தே ஓ ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் அழுதோம். அண்ணன் ரொட்டியைத் தீய விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கூத்துடா! மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நடித்திருக்கிறோம்.

உன் பெயரை நான் அடிக்கவில்லை. லீக்கில் ஆடிய நம் பிள்ளை நீ, அதை எந்த முழங்காலும் மாற்றாது. இந்த வாரத் தாளைப் பார், நான்காவது வரியில் உன் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது. இனி நீ சொல்லி நான் எழுத மாட்டேன். நீயே வந்து உன் கையால் எழுது.

வருகிற சனிக்கிழமை வா. அம்மாவுக்குப் பக்கத்தில் தொண்ணூறு நிமிடம் உட்கார். நடுவில் எழுந்து போகக் கூடாது. அதை நான் முழு ஆட்டம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு பசங்களுக்குத் தே தாரேக் ஊற்றுகிறேன். அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது.

வழி பார்த்திருக்கும்,
ரஷீதா அக்கா

பட்டர்வொர்த்
5.2.2025

அன்பு அக்கா,

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ராத்திரி மலாக்காவில் நண்பன் வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்குக் கடையில் இருப்பேன். பேனாவை எடுத்து வையுங்கள். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

நான் வருவதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இல்லை அக்கா, சொல்லுங்கள்.

விமலன்