தாழ்ப்பாளுக்கும் கொசுவுக்கும் நான் வைத்த சண்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். என்னப்பா திடீரென்று காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். தம்பி மூன்றாவது தடவையாகப் போய் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிவிட்டான், இனி தெருவில் நடக்கிறவர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். எங்கள் பெயிண்ட் கடைக்குப் புது கலவை மெஷின் வந்திருக்கிறது, பட்டனைத் தட்டினால் கேட்ட நிறம் வந்துவிடுகிறது, நான் பக்கத்தில் நின்று டப்பாவுக்கு மூடி போடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். தம்பியிடம் சொல்லி எனக்குச் சொல்ல வைக்கிறாள், அவனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் தபால்காரன் போல வந்து ஒப்பிக்கிறான். காரணம் நான்தான். எல்லாம் என் வாய்.

நீ அனுப்பினாயே அந்த வீடியோ, எங்கள் குத்துச்சண்டை மன்றத்து ஆண்டு விழாவில் நான் மைக்கில் பேசினது, யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பி உன் வரைக்கும் வந்துவிட்டதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்பா கலக்கிட்டீங்க, ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது என்று எழுதியிருந்தாய். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன் பார், அந்த விரலை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. மகளே, அதில் முதுகைக் காட்டிக்கொண்டு மொட்டைத் தலையோடு ஒரு கிழவர் மேடையில் நிற்கிறாரே, அது உன் மாமா. உனக்கு அடையாளம் தெரியாதது உன் தப்பில்லை. நீ ஊரை விட்டுப் போனபோது கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு அவருக்கு, இப்போது பாதியாகிவிட்டார், குளியலறையில் வழுக்கி விழுந்து தையல் போட்டபோது தலையையும் மழித்துவிட்டார்கள். மறதி வேறு கூடிக்கொண்டே போகிறது. வாங்கின குத்தெல்லாம் இப்போதுதான் கணக்குக் கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். உனக்குச் சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று நாங்கள்தான் மறைத்தோம்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சலூனில் நாங்கள் அடிக்கிற அரட்டை உனக்குத் தெரியும், அந்தக் காலச் சாம்பியனும் இந்தக் காலச் சாம்பியனும் ஒரே வயசில் எதிரெதிரே நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று. அந்தக் காலம் என்றால் உன் மாமா, இரண்டு முஷ்டியையும் முகத்துக்கு முன்னால் மூடினால் எவனாலும் திறக்க முடியாது என்று தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தோம், ஆடின காலம் முழுக்க ஒருத்தனும் அவரைக் கீழே தள்ளினதில்லை. இந்தக் காலம் என்றால் கொசு என்கிற பையன், ஓரிடத்தில் நிற்க மாட்டான், காதோரம் வந்து பாடுவான், அடிக்கப் போனால் கடித்துவிட்டுப் பறந்திருப்பான். இரண்டு பேருக்கும் நடுவுல முப்பது வருஷம் நிக்குதேடா, அதை எவன் குத்தித் தள்ளுறது என்று சலூன்காரர் முடித்துவைப்பார், நாங்கள் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

விழாவுக்கு மாமாவை அழைத்துப்போக அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. கூட்டம், சத்தம், அண்ணனுக்கு ஒத்துக்காது என்றாள். நான் இருக்கேன்ல, பார்த்துக்குறேன் என்று நான்தான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். முன்வரிசையில் உட்கார வைத்தோம், பழைய ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், அவரும் ஆளை அடையாளம் தெரியாமலே எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். சிறப்பு விருந்தாளி வரத் தாமதம், கூட்டம் கலைகிற மாதிரி இருந்தது, எதையாவது பேசி நிறுத்தி வையப்பா என்று செயலாளர் மைக்கை என் கையில் திணித்தார். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. கயிறு கட்டிக் காலியாகக் கிடந்த குத்துச்சண்டை மேடையைக் காட்டி, இதோ இந்தப் பக்கம் தாழ்ப்பாள், அந்தப் பக்கம் கொசு, இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது என்று ஆரம்பித்து மணியை அடித்தேன். முதல் சுற்று நன்றாகத்தான் போயிற்று. குத்துகளை நான் மாமாவுக்குத்தான் அதிகமாகக் கொடுத்தேன், அதாவது அவர் அடிக்கிற மாதிரி சொன்னேன், ஆனால் கூட்டம் முழுக்க சின்னப் பையன்கள், அவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. கொசு குத்துகிறான் என்று சொன்னபோதுதான் விசில் பறந்தது. விசில் வந்த பக்கம் என் வாயும் திரும்பிவிட்டது.

மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்ததும் மாமா எழுந்தார். யாரும் தடுக்கவில்லை, இதுவும் வேடிக்கையில் சேர்ந்தது என்று நினைத்தார்கள். கயிற்றை விலக்கி உள்ளே போனார், தன் மூலையில் நின்றார், கையை முகத்துக்கு முன்னால் மூடினார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், பார்க்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அப்போதே மைக்கை வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அத்தனை வருஷம் அவருக்காகத் தட்டினதை நான் மணியடிக்கிற மேஜையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அன்றைக்கு அது எனக்காக வந்தது. உன் அப்பன் அவ்வளவு அல்பம். கொசு உள்ளே புகுந்துவிட்டது, தாழ்ப்பாள் கழன்றுவிட்டது, இதோ விழுந்தார் என்று கத்தினேன். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். எதிரே ஆள் இல்லை, குத்து இல்லை, ஆனால் அவருடைய எல்லாச் சண்டைக்கும் மேஜையிலிருந்து குரல் கொடுத்தவன் நான், இவன் விழுந்தார் என்று சொன்னால் நான் விழுந்துதான் இருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக முழங்காலை மடக்கி, கையை ஊன்றி, கீழே படுத்துவிட்டார். பத்துக்குள் எழாவிட்டால் தோற்றதாகக் கணக்கு, நான் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். கூட்டமும் என்னோடு சேர்ந்து எண்ணியது. ஐந்தில் அவர் கையை ஊன்றினார், ஆறில் ஒரு முழங்கால், எட்டில் அது வழுக்கிவிட்டது, அந்தச் சிரிப்புதான் நீ வீடியோவில் கேட்கிற சிரிப்பு. அதோடு வீடியோ முடிகிறது. பிறகு நடந்தது அதில் இல்லை. அம்மா செருப்போடு மேடையில் ஏறிவிட்டாள். அவளுக்கு முன்னால், கூட்டத்தில் நின்றிருந்த அந்தக் கொசுப் பையன் ஏறியிருந்தான், மாமாவைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, அண்ணே, மைக்கை வைங்க, போதும் என்றான். அவனுக்கு என் மகன் வயசு. நான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். எங்க அண்ணனை ஒருத்தனும் தள்ளலை, வீட்டு ஆளே தள்ளிட்டீங்க என்றாள். அதற்குப் பிறகுதான் இந்த மௌன விரதம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்குப் போனால், என்ன சார் ஒரு சுற்று சொல்லுங்களேன் என்று கேட்கிறார்கள், டப்பாவை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொள்கிறேன். மாமா வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன், ஒரு தடவை இல்லை. இதற்கிடையில் மாமா தினமும் அம்மாவுக்குப் போன் போட்டு, நான் எழுந்தேனா, நான் எழுந்தேனா என்று கேட்கிறாராம். காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிற மனுஷனுக்கு இது மட்டும் மறக்கவில்லை.

நேற்று சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் வா மாப்ள என்று நகர்ந்து இடம் கொடுத்தார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன், வாயைத் திறக்குமுன் அவரே கேட்டுவிட்டார், நான் எழுந்தேனா மாப்ள என்று. எழுந்துட்டீங்க மச்சான், எட்டுலயே எழுந்துட்டீங்க, நான் பார்த்தேன் என்றேன். எண்ணினது நீதானே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை மகளே. செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நீ நல்லா இருக்கணும் கண்ணு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, எங்கே இருந்தாலும் யார் முன்னாலும் தலை குனியாமல் வாழ வேண்டும், என்னை மாதிரி ஆகிவிடாதே. குளிரில் வெறும் காலோடு நடக்காதே. அந்த வீடியோவை அழித்துவிடு, காட்டினவர்களிடம் அது யாரென்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் மாமாவுக்குப் போன் செய். உன் பெயர் ஞாபகத்துக்கு வராவிட்டாலும் குரல் தெரியும். அவர் உன்னிடமும் கேட்பார். எட்டிலேயே எழுந்துவிட்டீர்கள் மாமா என்று நீயும் சொல்லிவிடு, பெற்ற பெண்ணையே பொய் சொல்லச் சொல்கிற

உன் அப்பா