கையெழுத்துப் போட்ட சாட்சி

திருத்தணி

அன்புள்ள ஆசிமுக்கு,

நீயும் ஷபீனாவும் ஷார்ஜாவில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, பஸ் ஸ்டாண்டில் நடக்க இடம் கிடைக்கிறது. போனில் உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

மெக்கானிக் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டும் தேசப்பன் மேல் உன் அப்பா போட்ட வழக்கில், தேசப்பனுக்கு வக்கீல் என் சீனியர் நாகராஜன். அந்த வழக்குக் கட்டை நான் தொடமாட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை சீனியருக்குத் தொண்டை கட்டிவிட்டது. குறுக்கு விசாரணையை நீயே பண்ணிடு என்றார். வாய்தா கேட்டிருக்கலாம். என் முதல் குறுக்கு விசாரணை, ஆசிம். எழுந்துவிட்டேன்.

கூண்டில் உன் அம்மா. தேசப்பன் ஆட்களோடு வந்து ஷெட்டின் பூட்டை உடைத்ததை நேரில் பார்த்த ஒரே சாட்சி. அவர் சொன்னதை உங்கள் வக்கீல் வாக்குமூலமாக எழுதித் தாக்கல் செய்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் நீ கற்றுக்கொடுத்த கையெழுத்து. தமிழில் அவருக்கு எழுத வருவது அது மட்டும்தான்; படிக்க வராது. கரண்ட் ஆபீஸ் நோட்டீஸைக்கூட அந்த நாளில் என்னிடம்தான் நீட்டுவார். கைநாட்டு வைத்திருந்தால், படித்துக் காட்டியதாக ஒரு வரி சேர்த்திருப்பார்கள். கையெழுத்து என்பதால் சேர்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாக்குமூலத்தை அவர் கையில் கொடுத்து, நான்காவது பத்தியைப் படியுங்கள் என்றேன்.

காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனுக்குத் தெரியுமேப்பா" என்றார்.

படிக்கத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. நான் சொல்லிகினே வந்தேன், வக்கீல் எழுதிக்கினாரு. பூட்ட ஒடச்சத என் கண்ணால பாத்தேன்."

நான் அதோடு விடவில்லை. இதில் எழுதியிருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே என்றேன். ஆங் என்றார். அப்படியே பதிவாயிற்று; அந்த வாக்குமூலத்துக்கு இனி மதிப்பில்லை. சீனியர் முதுகில் தட்டினார். தேசப்பன் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

வெளியே வந்தபோது அம்மா எதிரே வந்துவிட்டார். "வரேங்க, வக்கீல் சார்" என்றார். குத்தலே இல்லை அந்தக் குரலில். இனிமேல் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

நேற்று, இந்த வழக்கிலிருந்து விலகுகிறேன் என்று சீனியரிடம் சொன்னேன். விலகிக்கோ, பதிவானது பதிவானதுதான் என்றார். அம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிக்க உங்கள் வக்கீல் மனு போடலாம். உடனே போடச் சொல். எதிர்த்தரப்பில் நின்றவன் இதைச் சொல்லக் கூடாது. தெரிந்தேதான் சொல்கிறேன்.

அம்மா உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். உன் சிநேகிதனைப் பற்றி உன்னிடமே எப்படிச் சொல்வார்? லீவில் வரும்போது நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. அதற்கு முன், உங்கள் வீட்டுக்கு நான் வரலாமா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

உன்,
இளம்பரிதி