ரோசலினுக்கு ஒரு கிளாஸ்

தெங்கேரா, மலாக்கா
10 மார்ச் 2024

என் தங்க மருமகள் மிஷேலுக்கு,

மாமா கொர்னேலியஸ் எழுதுவது. நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன், முட்டி மட்டும் கிழவனுடையது. கைப்பேசியில் எழுதச் சொல்கிறாய். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என் கதை அடங்காது.

நீ அனுப்பிய இரண்டு காதல் நாவலையும் ஒரே மூச்சில் முடித்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு வேகமா என்று தபால்காரரே அசந்துபோனார்.

முதல் நாவலில் கம்பெனி முதலாளி பக்கத்துக்குப் பக்கம் பல்லைக் கடிக்கிறான். அவனுக்கு வேண்டியது காதலி இல்லை, பல் டாக்டர். அவன் திட்டத் திட்ட அந்தப் பெண் மயங்குகிறாள். உன் அத்தை ரோசலினை நான் ஒரே ஒரு தடவை திட்டினேன். ஒரு வாரம் வெறும் ரொட்டி.

இரண்டாவதில் காதலன் புலியாக மாறுகிறான். எழுதினவர் புலியைப் பார்த்ததே இல்லை. நான் எஸ்டேட்டில் லோரி ஓட்டியபோது புலியைக் கண்ணுக்கு நேரே முறைத்தவன். அதுதான் முதலில் தலையைக் குனிந்தது. புலிக்கு வாய் நாறும்மா. முத்தமெல்லாம் நடக்காது.

நேற்று சனிக்கிழமை, கிளேபாங் கடற்கரைக்குப் போனேன். சுப்பன் கடையில் இரண்டு தேங்காய் ஷேக். எனக்கு ஒன்று, செத்துப்போன உன் அத்தைக்கு எதிர் நாற்காலியில் ஒன்று. எனக்குத் தாகம் அதிகம் என்று சுப்பனிடம் அளந்து வைத்திருக்கிறேன். உண்மை உனக்கு மட்டும்தான் தெரியும். உன்னோடு இருக்கட்டும்.

நீ எழுதுகிற பேய்க்காதல் எப்போது வரும்?

உன் வரவு பார்த்திருக்கும்,
மாமா


கோலாலம்பூர்
2 அக்டோபர் 2024

அன்புள்ள மாமா,

என் நாவல் வந்துடுச்சு. 'உப்புக்காற்றில் ஒருத்தி'. முதல் பிரதி உங்களுக்குத்தான். கோபப்படாம படிங்க, பேரெல்லாம் மாத்திட்டேன்லா. படிச்சவங்க எல்லாம் அழுதோம்னு எழுதுறாங்க. எனக்கு உங்க விமர்சனத்துக்குத்தான் பயம்.

உங்கள் செல்ல
மிஷேல்


தெங்கேரா
29 அக்டோபர் 2024

மிஷேலுக்கு,

விமர்சனம் கேட்டாய். பாதிப் புத்தகம் வரை என் மருமகள் எழுத்து என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகு கடற்கரைக் கடை, வாதுமை மரம், நீல நாற்காலி, இரண்டு கிளாஸ்.

உன் கதையில் செத்துப்போன மனைவி வந்து குடிக்கிறாள். கிளாஸில் பாதி குறைகிறது. அப்படி ஒரு நாளாவது குறைந்திருந்தால் உன்னிடம் சொல்லாமல் இருந்திருப்பேனா? அது குறையாதும்மா. ஐஸ் கரையும், மேலே வைத்த ஐஸ்கிரீம் வழியும், சுப்பன் எடுத்துக் கொட்டுவான். அவ்வளவுதான்.

புலியை முறைத்தேன், வெள்ளத்தில் லோரியை நீந்த விட்டேன், எல்லாம் அளந்திருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் நான் ஒரு சொல் கூட்டியதில்லை. நீ கூட்டிவிட்டாய்.

போன சனிக்கிழமை கடை நிறையப் பிள்ளைகள், கையில் உன் புத்தகம். எல்லாரும் இரண்டு வாங்கி, ஒன்றை எதிரே வைத்துப் படம் எடுக்கிறார்கள். ரோசலின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க" என்றாள். தள்ளி நின்றேன்.

மாமா


கோலாலம்பூர்
12 நவம்பர் 2024

அன்பு மாமா,

கடை பேரை நான் போடவே இல்ல. எப்படியோ கண்டுபிடிச்சிட்டாங்க. அத்தை மேல உங்களுக்கு இருந்த பாசம் நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் எழுதினேன். கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க, அதான் கேக்கல.

ஜனவரியில மலாக்காவுல அறிமுக விழா. நாவல்ல வர்ற தாத்தா நீங்கதான்னு மேடையில சொல்லி, பொன்னாடை போடலாம்னு இருக்கோம். நாலு பேர் முன்னால பேசுறது உங்களுக்குப் பிடிக்குமே மாமா. கூடவே மூணு புது நாவல் அனுப்பியிருக்கேன். ஒண்ணுல ஓநாய்க் காதலன். நீங்க சிரிப்பீங்க.

மிஷேல்


தெங்கேரா
1 டிசம்பர் 2024

மிஷேலுக்கு,

விழாவுக்கு நான் வரவில்லை. புலிக் கதைக்குப் பொன்னாடை என்றால் ஓடி வந்திருப்பேன்.

மூன்று நாவலையும் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். இனி அனுப்ப வேண்டாம்.

நேற்று கிளேபாங் போனேன். என்னைப் பார்த்ததுமே சுப்பன் இரண்டு கிளாஸை எடுத்தான். ஒன்று போதும் என்றேன்.

"ஏண்ணே, அண்ணிக்கு?" என்றான்.

அவனுக்கும் தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் அவ்வளவு தாகம் இல்லை என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றபடியே குடித்தேன்.

ச. கொர்னேலியஸ்