மூன்றாவது க்ளீனிங்

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. மூன்று வாரமாக இங்கே ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். நானும் உன்னிடம் மறைத்தேன். இனி முடியாது.

அப்பாவுக்குப் பல்வலி, மூக்கடைப்பு என்று சொன்னது பாதிதான். சர்க்கரை கண்டபடி ஏறியதில் மூக்குக்குள் பூஞ்சை பிடித்து மேல்வாய் கறுத்துவிட்டது. பெரிய டாக்டர், உள்ளே க்ளீன் பண்ண வேண்டும் என்றார். தச்சு வேலை செய்பவர் மூக்கில் மரத்தூள்தானே இருக்கும், கழுவி விடுவார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். மேல்பல் நான்கு இல்லாமல் திரும்பி வந்தார். ஐந்தாம் நாள் மறுபடி க்ளீன். இந்தத் தடவை மேல்வாயில் பாதியைக் காணோம். பேச்செல்லாம் மூக்கு வழியாகப் போகிறது. அப்பா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டாயே, இதுதான். இப்போது ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறார்.

மருந்து ஏறும் பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்தார்கள். நல்ல மருந்தை யாராவது மூடி வைப்பார்களா? தேதி முடிந்ததோ என்று, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பிரித்துப் பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. வெளிச்சம் பட்டால் மருந்தின் வீரியம் குறையுமாம். நர்ஸ் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அதற்கு மேலாவது சந்தேகம் விட்டதா என்றால், இல்லை.

அப்பாவின் இடது கண்ணில் இரண்டு நாளாகப் பார்வை இல்லை. இன்று காலை மூன்றாவது க்ளீனுக்குத் தாளை நீட்டினார்கள். "இன்னும் எதைக் க்ளீன் பண்ணப் போறீங்க? அதைச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்" என்று பேனாவை மூடி வைத்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டிய பிறகுதான், இடது கண்ணை எடுக்க வேண்டும் என்றார். அப்போதுதான் பிடிபட்டது. வெட்டி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அவள் சம்மதிக்க மாட்டாள், க்ளீன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று முதல் நாளே டாக்டரிடம் சொல்லி வைத்தவர் உன் அப்பாதான். யார் யாரையோ சந்தேகப்பட்டேன், கட்டிலில் கிடந்தவரை விட்டுவிட்டேன்.

கோபத்தில் நோட்டை அவர் மடியில் போட்டேன். எழுதினார்: "உளுத்த மரத்தை நல்ல மரம் வர்ற வரைக்கும் செதுக்கணும். பாதி விட்டா மூளைக்கு ஏறிடும்." நான் அழுவதைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினார்: "பலகை நேரா இருக்கான்னு பார்க்க இடது கண்ணை மூடத்தானே செய்யறேன்? இனி மூடற வேலை மிச்சம்." பாழாய்ப்போன சிரிப்பு எனக்கும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நாளைக் காலை எட்டு மணிக்கு. போனில் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கண் போயிருக்கும். ஆள் பிழைத்துவிடுவாரா என்று டாக்டரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். க்ளீன் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. பார்க்கலாம் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.

நீயும் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள். ஒன்றுமில்லை என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், ரிப்போர்ட்டை அனுப்பு. சீக்கிரம் புறப்பட்டு வா. வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, அவருடைய வலது பக்கம் நின்று பேசு.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நீ வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். இதை மட்டும் சந்தேகப்படாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா