ஆடிக்குப் போன மருமகளுக்கு

செமோர்,
செப்டம்பர் 9.

அன்பு மருமகள் பிரமிளாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் உன் புருஷன் ரூபனும் உன் பூனையும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் சம்பந்தி அம்மாவும் தெலுக் இந்தானில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்க அத்தை ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்சப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. அதனால்தான்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. துணி காயவே மாட்டேன் என்கிறது. கூடத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் ரூபனின் ஈரச் சட்டைக் கை என் முகத்தில் அறைகிறது. அறை வாங்க வேண்டியவன் அவன், வாங்குவது நான்.

உன்னை எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நீ கிளம்பிப் போன அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா வேலியோரம் வந்து நின்றுவிட்டாள். ஆடி மாதம் ஆயிற்றே என்று, ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். புதுப்பெண்ணை அனுப்புவார்கள் சரி, கல்யாணமாகி இரண்டு வருடமான மருமகளை யார் ஆடிக்கு அனுப்புகிறார்கள்? அவசரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது. ஆவணியும் முடியப்போகிறது. நேற்று அவள், "என்னா நல்லம்மா, ஒம் மருமவளுக்கு மட்டும் இந்த வருசம் எத்தன ஆடி லா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அன்றைக்கு நடந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை, பிரமி. இரவு வேலை முடிந்து காலையில் வந்த ரூபன், கூடத்தில் கால் வைக்க இடமில்லை என்று சத்தம் போட்டான். ஒட்டுப் போர்வைக்கென்று நாம் பழைய துணிகளை வெட்டி, இஸ்திரி போட்டு, இதற்குப் பக்கத்தில் இதுதான் என்று நீ நாள்கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கிய துண்டுகளைக் காலால் ஒதுக்கி, கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப் போட்டான். "புடிக்கலன்னா ஒங்கம்மா வீட்டுக்குக் கெளம்பு" என்றும் சொன்னான். நீ அழவில்லை. அந்தப் பையை மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் உன் துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாய். நீ பஸ் ஏறிய பிறகு அவனுக்கு என்னிடம் நன்றாகக் கிடைத்தது. ஆனால் அது உனக்குக் கேட்டிருக்காது.

குப்பை லாரி வருவதற்குள் பையை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் தையல் மிஷின் பக்கத்தில் உட்காருவதைவிட எனக்கு வேறு என்ன சுகம்? ஆனால் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமா உயிரோடு இருந்தபோது போட்ட கட்டம் போட்ட சட்டை எங்கே வரும், உன் மஞ்சள் துப்பட்டா எங்கே வரும் என்பதெல்லாம் உன் தலைக்குள் அல்லவா இருக்கிறது? நாற்காலியில் ஏறி நின்று படம் எடுத்தாயே, அதை மட்டும் அனுப்பு. பேச வேண்டாம். படம் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

இப்படிக்கு,
உன் அத்தை நல்லம்மாள்.


செமோர்,
அக்டோபர் 28.

அன்பு பிரமிக்கு,

படம் வந்தது. ஒரு சொல்லும் இல்லாமல் வந்தது. இருந்தாலும் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

தீபாவளியை எப்படியோ தள்ளிவிட்டோம். வழக்கம்போல் திரைச்சீலை தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் கடைசி வாரத்தில் வந்து நின்றார்கள். ஈப்போவில் நைனா முகம்மது கடைக்கு லைனிங் துணி எடுக்கப் போனால், அவர் வீட்டு அம்மா குல்ஜார் பேகம் உனக்கென்று வெட்டுத்துணி ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். "மருமவ கேட்டுச்சே, மயில் கழுத்துக் கலரு, வந்திருக்கு" என்றார். வாங்கி வந்தேன். ஆடிக் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஊருக்குப் போயிருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன்.

ஊருக்கெல்லாம் திரை தைத்தேன், நம் வீட்டுச் சன்னலுக்குப் பழைய திரையைத்தான் துவைத்து மாட்டினேன். நீதான் நிறம் சொல்வாய், நீ இல்லை. முறுக்கு மட்டும் சுட்டேன். ஒரு டின் இந்தப் பார்சலில் இருக்கிறது. மாவில் கொஞ்சம் நெய் கூடிவிட்டது, எடுக்கும்போதே உதிரும். மெத்தை உறை இரண்டும் உனக்குத்தான். ஓரத்தில் போட்டிருக்கும் சங்கிலித் தையல் கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

அங்கே கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று சம்பந்தி அம்மா போனில் சொன்னார்கள். நல்லது என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன். வேலை கிடைத்தது நல்லதுதான், பிரமி. ஆனால் வேலை கிடைத்தவள் திரும்பி வருவாளா என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து என்ன செய்யப் போகிறேன்?

ரூபன் கேட்காமலேயே என் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தான். பெரிதாக்கி, சின்னதாக்கி, வெகு நேரம் பார்த்தான். மறுநாள் அவனுக்கு விடுமுறை. சோபாவைத் தனியாகவே இழுத்துக்கொண்டு போய் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் போட்டான். கூடம் முழுக்கக் காலியாகிவிட்டது. பிறகு அந்தக் கறுப்புப் பையைக் கேட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து மதியம் வரைக்கும் அடுக்கினான். அடுக்கி முடித்த பிறகு பார்த்தால், போனைத் தலைகீழாகப் பிடித்து அடுக்கியிருக்கிறான்! மேலே வர வேண்டியது கீழே. "போர்வைக்கு ஏதும்மா மேல கீழ?" என்று என்னையே கேட்டான். உன் புருஷனுக்கு வாய்க்கு மட்டும் குறைவில்லை. எல்லாவற்றையும் கலைத்து மறுபடியும் அடுக்க வைத்தேன்.

படத்தில் நட்டநடுவில் என் பச்சைப் பூப்போட்ட பாத்தேக் கைலித் துண்டை வைத்திருக்கிறாய். நடுவில் உன் கூறைப்புடவைத் துண்டை வை என்று நான் அன்றைக்குச் சொன்னதும், "நடுவுல நீங்கதான் அத்த" என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்தப் பச்சைத் துண்டு மட்டும் இன்னும் கையில் அகப்படவில்லை. பையின் மூலையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், தேட வேண்டும்.

முறுக்கை ஈரத்தில் வைக்காதே. சம்பந்தி அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அத்தை நல்லம்மாள்.


செமோர்,
ஜனவரி 17.

அன்பு பிரமிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. கருப்பம்மாள் அக்காவும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை ஆடியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கேலி பேசியபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

மழை நின்று நல்ல வெயில் அடிக்கிறது. மோர்மிளகாய் போட்டு வாசலில் காயவைத்திருக்கிறேன். உன் பூனை அதற்குக் காவல் இருக்கிறேன் என்று பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறது. போகிக்குப் பழையதையெல்லாம் எடுத்து வெளியே போட்டோம். உடைந்த மின்விசிறி, மாமாவின் பழைய சூட்கேஸ், எல்லாம் போயிற்று. மிச்சத் துண்டுகளோடு கறுப்புப் பை கிடந்த பக்கம் மட்டும் ரூபன் போகவில்லை. "அதுல கைய வச்சேன்னா இனிமே என் கையே போயிரும்" என்றான். புத்தி வர ஒரு ஆளுக்கு அரை வருடம் பிடிக்கிறது, என்ன செய்ய?

துண்டுகளை மிஷினில் இணைத்து முடித்துவிட்டேன். உள்ளே பழைய கம்பளியை வைத்து, அடியில் குல்ஜார் பேகம் கொடுத்த மயில் கழுத்துத் துணியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும், உனக்குத் தெரியும். எதிரில் ஒரு ஆள் இழுத்துப் பிடிக்காவிட்டால் சுருங்கிவிடும். நீ இருந்த இடத்தில் ரூபன் உட்கார்ந்து பிடித்தான். இரண்டு நாள் பிடித்துக்கொண்டிருந்தவன், மூன்றாம் நாள் எனக்கும் ஒரு ஊசி கொடு என்றான். விரலில் குத்திக்கொண்டு கத்தினான், ஆனால் ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க அவன் தையல்தான். கோழி நடந்த மாதிரி இருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்தது, நடுவில் ஒரு கட்டத்தைத் தவிர. பையை உள்வெளியாகத் திருப்பி உதறினேன். கட்டிலைத் தள்ளிப் பெருக்கினேன். என் பச்சைத் துண்டு இல்லை. அந்த இடத்தில் உள்ளே வைத்த கம்பளி பிதுங்கித் தெரிகிறது. ரூபன் தன் நல்ல சட்டை ஒன்றைக் கொண்டு வந்து, "இதுல வெட்டி வச்சிரும்மா, ஓட்டயா இருக்குல்ல" என்றான். அது உன் இடம் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கிளம்புவதற்கு முன்னால் பையைத் திறந்து பார்த்தாயே. அப்போது எடுத்திருக்கிறாய். உன் துப்பட்டாத் துண்டை எடுக்கவில்லை. அவன் பள்ளிக்கூடச் சட்டைத் துண்டை எடுக்கவில்லை. இந்த வீட்டிலிருந்து உன்னோடு எடுத்துக்கொண்டு போக உனக்கு என் கைலித் துண்டுதான் வேண்டியிருந்தது. அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். பெற்ற பிள்ளைகூட எனக்கு இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். கொண்டு வந்தவன் வாசலிலேயே நிற்பான். உள்ளே கூப்பிடும்வரை வரக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். கையில் இருக்கும் மூட்டை போர்வைதான். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல அவனிடம் ஏதோ இருக்கிறது. மூன்று நாளாகக் குளியலறையில் தனக்குத்தானே பேசிப் பார்க்கிறான். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. மன்னிப்பு என்ற சொல் நிறைய வந்தது, உன் வேலையை விடச் சொல்ல மாட்டேன் என்றும் ஒரு தடவை வந்தது. என் பிள்ளை என்பதால் நான் அவனுக்குப் பரிந்து பேச மாட்டேன். கேள். கேட்டுவிட்டு உன் மனம் என்ன சொல்கிறதோ அதைச் செய்.

அவனோடு சேர்ந்து வந்தால் வா. அவன் வேண்டாம், அத்தையை மட்டும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அப்படியும் வா, சாதம் எப்போதும் உனக்கும் சேர்த்துத்தான் வடிக்கிறேன். வரும்போது அந்தத் துண்டைக் கொண்டு வா, எதிரெதிரே உட்கார்ந்து தைத்துவிடலாம்.

வர முடியாது என்றால் அவனை ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடு, போர்வையும் அவனோடு வரட்டும். ஆனால் துண்டை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே, பிரமி. அது உன்னிடமே இருக்கட்டும். நான் அந்த ஓட்டையோடு போர்த்திக்கொள்கிறேன்.

எங்கே இருந்தாலும் மகராசியாக இரு.

உன் அத்தை,
நல்லம்மாள்.